கயிற்றுப் பாட்டு

ரெண்டே வார்த்தையில் முடித்துக்கொள்கிறேன் என்று மைக்கைப் பிடித்தவர் இருபத்தைந்து நிமிஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். ரெண்டு வார்த்தை என்று ஆரம்பித்தவன் எவன் ரெண்டு வார்த்தையில் முடித்திருக்கிறான்? முப்பத்தேழு வருஷ சர்வீஸில் ஒருத்தனையும் நான் பார்த்ததில்லை. அதற்கு, ஒரு மணி நேரம் பேசப்போகிறேன், முடிந்தவன் நில், முடியாதவன் விழு என்று நேராகவே சொல்லிவிடலாம். மணி நாலரை ஆகப்போகிறது, வெயில் இறங்குவேனா என்கிறது. ஷாமியானாவும் மின்விசிறியும் ஐஸ் போட்ட மோரும் அதிகாரிகளுக்கும் அவர்கள் வீட்டம்மாக்களுக்கும். எங்களுக்கு மைதானம். வெயிலில் காயப்போட்டால்தான் பேண்ட் நன்றாக வாசிக்கும் என்று யாரோ இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். தொப்பிக்குள்ளிருந்து ஒரு வேர்வைத் துளி கிளம்பிக் காதோரமாக இறங்கிக் காலருக்குள் போகிறது, துடைக்க முடியாது, அட்டென்ஷன். கிளாரினெட்டின் கீயெல்லாம் தோசைக்கல் மாதிரி சுடுகிறது. வாயில் வைக்கிற ரீடு காய்ந்துவிட்டால் ஊதும்போது கிறீச்சென்று கத்தித் தொலைக்கும், அதனால் ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் யாரும் பார்க்காதபோது நாக்கால் நனைத்துக்கொள்கிறேன். எதற்கு நனைக்கிறேன்? இன்றைக்குத்தான் ஊதப்போவதில்லையே. பழக்கம். நாய் வாலை நிமிர்த்தினாலும் இந்தப் பழக்கத்தை நிமிர்த்த முடியாது போலிருக்கிறது. இவர் பேசி முடித்தால் அந்தப் பூ வைத்த ஜீப்பில் சம்சாரத்தோடு ஏறி நிற்பார். ஜீப்பின் முன்னால் ரெண்டு தாம்புக் கயிறு கட்டி, கயிற்றிலும் செவ்வந்திப்பூ சுற்றியிருக்கிறார்கள். என்ஜினைப் போடக்கூடாது. உதவி கமாண்டண்டுகளும் இன்ஸ்பெக்டர்களும் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு கேட் வரைக்கும் போவார்கள். ரிட்டயர் ஆகிற பெரிய அதிகாரிக்கு அதுதான் மரியாதை. இழுக்கும்போது பேண்ட் அந்தப் பாட்டை வாசிக்க வேண்டும். அதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் இருக்கிறது, எங்கள் பேண்டில் யாருக்கும் வாயில் நுழையாது. நாங்கள் வைத்த பெயர் கயிற்றுப் பாட்டு.

ஊதக்கூடாது என்று நேற்று ராத்திரியே முடிவு செய்துவிட்டேன். கேட்டால் யாருக்கும் சிரிப்பாகத்தான் இருக்கும், ஐம்பத்தொன்பது வயது முடிந்து அறுபதில் நிற்கிறவன், எஸ்.எஸ்.ஐ. ஞானசிகாமணி, பட்டாலியன் பேண்டின் முதல் கிளாரினெட், இந்த மனுஷனைப் பழிவாங்க எடுத்த ஆயுதம் இதுதானா என்று. வேறென்ன இருக்கிறது என்னிடம்? துப்பாக்கியா கொடுத்தார்கள்? குழல்தானே கொடுத்தார்கள். ஊமை வாசிப்பு என்று எங்களுக்குள் ஒரு வித்தை உண்டு. குழலை வாயில் வைத்து, விரலையெல்லாம் ஒழுங்காக நகர்த்தி, காற்றை மட்டும் விடாமல் இருப்பது. புதிதாகச் சேர்ந்தவன் முதல் ஆறு மாதம் அதைத்தான் செய்வான், பாடம் வராத மார்ச் பாட்டு வந்தால் பழைய ஆளும் செய்வான். இருபத்திரண்டு பேர் நிற்கிற இடத்தில் ஒருத்தன் ஊமையானால் ஷாமியானாவில் இருக்கிற எவனுக்குத் தெரியும்? முதல் கிளாரினெட் ஊமையானால் தெரியும்தான். பேண்ட் இன்ஸ்பெக்டர் அழகர்சாமிக்குத் தெரியும், அவருக்குப் பாம்புக்காது. தெரிந்து என்ன செய்வார்? ரிட்டயர் ஆகிற அன்றைக்குச் சாயங்காலம் மெமோவை நீட்டிய கதைகளெல்லாம் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் மெமோவில் என்னவென்று எழுதுவார்கள்? மேற்படி நபர் விரலை அசைத்தார், ஆனால் ஊதவில்லை என்றா? எழுதட்டும். இந்த மனுஷனை வழியனுப்ப என் மூச்சிலிருந்து ஒரு இம்மி கூடப் போகக்கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேண்டியது, வேறொன்றும் கேட்கவில்லை.

ஆமாம், நானும் இன்றைக்குத்தான் ரிட்டயர் ஆகிறேன். கமாண்டண்ட் பக்தவத்சலத்துக்கும் மே மாசம் பிறந்த நாள், எனக்கும் மே மாசம் பிறந்த நாள். டிபார்ட்மெண்டில் பாதிப் பேர் மே மாசத்தில் பிறந்தவர்கள்தான். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தினால் ஹெட்மாஸ்டர் தலையைத் தாண்டிக் காதைத் தொடச்சொல்வார், தொட்டுவிட்டால் ஐந்து வயது முடிந்த மாதிரி மே மாசத்தில் ஒரு தேதி போட்டுக்கொள்வார். என் அம்மா, ஐப்பசி அடைமழையில் ஆற்றில் வெள்ளம் போகும்போது நீ பிறந்தாய் என்பாள். ஐப்பசியாம். அந்த ஹெட்மாஸ்டர் ஒழுங்காகக் கேட்டு எழுதியிருந்தால் நான் இன்னும் அஞ்சு மாசம் சர்வீஸில் இருந்திருப்பேன், இந்த ஆளோடு ஒரே நாளில் வந்து மாட்டியிருக்க மாட்டேன். காலையில் ஆபீஸ் அறையில் என்னையும் ரெண்டு ஏட்டய்யாக்களையும் ஒரு சமையல்காரரையும் வரிசையாக நிற்கவைத்து ஆளுக்கொரு சால்வை போட்டார்கள். நாலு பேருக்கும் சேர்த்து நாலு நிமிஷம். சமையல்காரருக்கு என் பெயர் போட்ட கடிகாரத்தைக் கொடுத்து, எனக்கு அவர் பெயர் போட்டதைக் கொடுத்து, வராந்தாவில் நாங்களே மாற்றிக்கொண்டோம். ஜீப் கிடையாது, கயிறு கிடையாது. பேண்ட்? பேண்ட்காரன் போகும்போது பேண்ட் எப்படி வாசிக்கும், அவன்தான் பேண்டில் நிற்கிறானே. மத்தியானம் வந்து இந்த வரிசையில் நின்றுவிட்டேன். பக்கத்தில் நிற்கிற ரெண்டாம் கிளாரினெட் துரைப்பாண்டி, பதினாறு வருஷமாக என் முழங்கை இடிக்கிற தூரத்தில் நிற்கிறவன், இன்றைக்குக் காலையிலிருந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. டீக்குக் கூப்பிட்டேன், வேலை இருக்குண்ணே என்று நழுவினான். பேண்ட் அறைக்குள் நான் நுழைந்ததும் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். போகிறவனிடம் என்ன பேச்சு என்று நினைத்துவிட்டார்கள். இருக்கட்டும். ஆறு மணிக்கு ஸ்டோரில் இந்தக் கிளாரினெட்டை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் எனக்கும் இவர்களுக்கும் ஒன்றுமில்லை.

இன்னும் பேசுகிறார். ஒழுக்கம், கட்டுப்பாடு, கடமை. கடமை என்ற வார்த்தை வந்தால் எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ மேலேறுகிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே வார்த்தையைத்தான் போனில் சொன்னார். என் மகள் ஜெமிமாவுக்குக் கல்யாணம், ஊரில், சாயர்புரத்தில், இங்கிருந்து ஆறு மணி நேரப் பயணம். அவளுக்கு ஒரே ஆசை, சர்ச் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் அவள் நடந்து வரும்போது அப்பா முன்னால் கிளாரினெட் வாசித்துக்கொண்டு போக வேண்டும் என்று. வேறு நகை நட்டு என்று எதுவும் அவள் வாய்விட்டுக் கேட்டதில்லை. ஒரு மாதம் முன்னாலேயே வீட்டில் ஒத்திகை பார்த்தோம். அவள் அம்மா தெபோராளின் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு சமையலறை வாசலிலிருந்து முன்னறை ஜன்னல் வரைக்கும் நடப்பாள். எனக்குக் கை தன்னாலே மார்ச் வேகத்துக்குப் போய்விடும். "அப்பா, நான் என்ன பரேடுக்கா போறேன்? சேல தடுக்குது, மெல்ல ஊதுங்கப்பா" என்பாள். மெல்ல ஊதுவது சாமானியமில்லை, மூச்சைப் பிடித்துப் பிடித்து விட வேண்டும். அவள் ஒரு காலை எடுத்து வைத்து, கொலுசு அடங்கி, அடுத்த காலை எடுக்கிற அளவுக்கு என் மூச்சைப் பழக்கினேன். லீவு சாங்ஷன் ஆகிவிட்டது, பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். முதல் நாள் காலையில் போன். கமாண்டண்டின் பழைய சிநேகிதர்கள் நாலைந்து பேர் வருகிறார்களாம், மெஸ்ஸில் விருந்தாம், பேண்ட் வாசிக்க வேண்டுமாம். "சார், நாளைக்கு என் பொண்ணுக்குக் கல்யாணம் சார்" என்றேன். "தெரியும் ஞானசிகாமணி. ஆனா நீ இல்லாம பேண்ட் என்னய்யா பேண்ட்? கடமைன்னு ஒண்ணு இருக்குல்ல. அடுத்த நாள் போ, ரெண்டு நாள் சேத்துத் தர்றேன்" என்றார். பாராட்டுகிறாராம். கல்யாண நேரத்தில் ஜெமிமா அவள் தாய்மாமன் கையைப் பிடித்துக்கொண்டு பீடத்துக்கு நடந்துகொண்டிருந்தாள், நான் மெஸ்ஸில் நாலைந்து பேர் எலும்பைக் கடிப்பதற்குப் பக்கவாத்தியமாகச் சினிமாப் பாட்டு வாசித்துக்கொண்டிருந்தேன். ஒருத்தன் கூடத் தலையைத் திருப்பவில்லை. மறுநாள் விடியக்காலம் நான் போய்ச் சேர்ந்தபோது பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஜெமிமா, "விடுங்கப்பா, மாமாதான் கூட வந்தாவல்லா" என்றாள். அவள் அழுது கத்தியிருந்தால் என் மனசு ஆறியிருக்கும். விடுங்கப்பா என்றாளே, அதுதான் இன்னும் விடமாட்டேன் என்கிறது. இந்த மனுஷனுக்கு அது ஞாபகம் கூட இருக்காது. நான் போலீஸ்காரன், உத்தரவு என்றால் உத்தரவு, அது எனக்குத் தெரியாதா? மெஸ் சாப்பாட்டுக்கு என்னய்யா உத்தரவு?

நாக்கால் மறுபடியும் ரீடை நனைக்கிறேன். சனியன். அந்தப் பாட்டுக்கு அர்த்தம் என்ன என்று ஒரு தரம் ஜெமிமா போனில் தேடிச் சொன்னாள். ஸ்காட்லாந்துக்காரர்கள் பாட்டாம். வருஷக் கடைசியிலும் பிரிகிற நேரத்திலும் எல்லாரும் வட்டமாக நின்று கையைக் கோத்துக்கொண்டு பாடுவார்களாம், பழைய சிநேகிதத்தை மறந்துவிடலாமா என்று. கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. வெள்ளைக்காரன் போகும்போது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய், வழியனுப்புகிற பாட்டை மட்டும் இங்கே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். நம் ஆட்கள் அதில் கையை எடுத்துவிட்டுக் கயிற்றைக் கட்டிவிட்டார்கள். மறக்கலாமா என்று என்னைக் கேட்டால்? ஐயா, நான் எதையுமே மறக்கவில்லை, அதுதானே என் கஷ்டம். ஆனால் பாட்டு நல்ல பாட்டு, அதைக் குறை சொல்ல மாட்டேன். நம்ம மோகனம்தான். ஸ, ரி, க, ப, த, அஞ்சே சுரம், மவும் நியும் கிடையாது. கெட்ட எண்ணத்தோடு அதை வாசிக்க முடியாது, மோகனத்துக்கு அந்தக் குணம் உண்டு. அதனால்தான் ஊதாமலே இருந்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன். நாளைக்குக் காலையில் என்ன செய்வேன்? அஞ்சு மணிக்கு முழிப்பு வரும், சுரம் பிடிக்கக் கை குழலைத் தேடும், இருக்காது. தெபோராள், "சும்மாத்தான இருக்கிய, கடைக்குப் போய்ட்டு வாங்க" என்பாள். போய்விட்டு வருவேன். அதற்கு மேல்? இந்த நெஞ்சுக்குள் இவ்வளவு காற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பயமாக இருக்கிறது. இதை யாரிடமும் சொல்லவில்லை, தெபோராளிடம் கூட.

என் பெயர் காதில் விழுகிறது. "நம்ம பேண்டை நான் மறக்கவே முடியாது. ஞானசிகாமணி எங்க, நிக்கிறாரா? ஆங், அதோ. அவரும் இன்னிக்கு ரிட்டயர் ஆகுறார். அவர் பொண்ணு கல்யாணத்துல சர்ச்சுல அவர் வாசிச்சாரே, அந்தக் கிளாரினெட் இன்னும் என் காதுல இருக்கு." கைதட்டுகிறார்கள். ஷாமியானா மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்துக் கைதட்டுகிறது. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வருகிறது, வெயிலால் இல்லை. வாசித்தாரே! எந்தக் கல்யாணம், எந்தச் சர்ச், எவன் வாசித்ததை எவன் தலையில் வைக்கிறார்? பறித்துக்கொண்டதே இவர், பறித்ததை எனக்குக் கொடுத்ததாக ஊர்முன்னால் மைக்கில் கணக்குச் சொல்கிறார். வேண்டுமென்றே சொல்லியிருந்தால் கூடப் பரவாயில்லை. நிஜமாகவே அப்படி நம்பிக்கொண்டு, கண்ணெல்லாம் ஈரமாக, பிரியத்தோடு சொல்கிறார். இந்தப் பிரியத்தை என்ன செய்து தொலைப்பது? வரிசையை விட்டு வெளியே வந்து, இல்லை சார், நான் வாசிக்கவில்லை சார், நீங்கள் விடவில்லை சார் என்று கத்த வேண்டும்போல் இருக்கிறது. அட்டென்ஷனில் நிற்கிறேன். பக்கத்தில் துரைப்பாண்டி தொண்டையைச் செருமுகிறான். அவனுக்குத் தெரியும், பேண்டில் எல்லாருக்கும் தெரியும், அன்றைக்கு மெஸ்ஸில் இவர்களும்தானே என்னோடு நின்றார்கள். சரி, இனி யோசிக்க ஒன்றுமில்லை. காற்று கிடையாது. ஒரு சொட்டுக் காற்று கிடையாது.

ஒருவழியாக மைக்கை விட்டார். ஜீப்பில் ஏறுகிறார், சம்சாரத்துக்குக் கை கொடுக்கிறார், கயிற்றைப் பிடித்தவர்கள் காலை ஊன்றுகிறார்கள். அழகர்சாமி கோலைத் தூக்குகிறார், என்னைப் பார்க்கிறார், ஏன் என்னையே பார்க்கிறார், இறக்குகிறார். சைட் டிரம் உருள்கிறது, சவரிமுத்துவின் பெரிய டிரம் ஒன்று, ரெண்டு என்று அடிக்கிறது. குழலை வாயில் வைத்தேன், விரலை நகர்த்தினேன், காற்றை நிறுத்தினேன். முதல் வரி போகிறது. எனக்குக் காது அடைத்துவிட்டதா? டிரம் கேட்கிறது, கயிறு இழுக்கிறவர்களின் பூட்ஸ் கேட்கிறது, பாட்டைக் காணோம். கண்ணை மட்டும் ஓரத்துக்குத் திருப்புகிறேன். துரைப்பாண்டி விரலை அசைக்கிறான், கன்னம் உப்பவில்லை. அவனுக்கு அந்தப் பக்கம் மூன்றாம் கிளாரினெட், அவன் கன்னமும் உப்பவில்லை. கார்னெட்காரன், டிராம்போன்காரன், யூஃபோனியம், எல்லார் வாயிலும் கருவி இருக்கிறது, ஒரு கருவியிலும் சத்தமில்லை. மைதானத்தில் வெறும் டிரம். கயிற்றைப் பிடித்தவர்களுக்குத் தாளம் பிசகி முன்னால் போகிறவன் நிற்க, பின்னால் வருகிறவன் அவன் முதுகில் மோதுகிறான். ஜீப் நின்றுவிட்டது. பக்தவத்சலம் சல்யூட் அடித்த கையை இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் நிற்கிறார். என்னைப் போலவே எல்லாருக்கும் இவர்மேல் கோபமா? எல்லாரும் ஒரே நேரத்திலா? ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாகக் கூட இருந்தது. துரைப்பாண்டி குழலை வாயிலிருந்து எடுக்காமலே பல்லிடுக்கில் பேசுகிறான். "அண்ணே, ஊதுங்கண்ணே. ஏண்ணே நிறுத்திட்டீங்க?" என் விரல் மட்டும் நகர்ந்துகொண்டிருக்கிறது. "மொதச் சுத்து நீங்க மட்டும்ணே. நேத்தே பேசி வச்சிருந்தோம். அழகர்சாமி ஐயாதான் சொன்னாரு. உங்களுக்குன்னு யாருண்ணே வாசிக்கப் போறா, நீங்களே வாசிங்க, நாங்க நின்னு கேக்குறோம்ணே."

அட பாவிகளா. இதை முன்னாலேயே சொல்லித் தொலைத்தால் என்ன? டீக்குக் கூப்பிட்டபோது சொல்லியிருக்கக்கூடாதா? இருபது பேர் கூடி எனக்கு மரியாதை செய்கிறேன் என்று வாயை மூடிக்கொண்டு நின்றால் எனக்கு எப்படித் தெரியும், நானும் மூடிக்கொண்டல்லவா நிற்கிறேன். சொன்னால் நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள் என்பார்கள். ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்தான். அழகர்சாமி கோலைத் தூக்கிப் பிடித்தபடி என்னையே பார்க்கிறார், கெஞ்சுகிறார் அந்த மனுஷன், அவர் வேலைக்கும் இது ஆபத்து. ஊதினால் ஜீப்பில் நிற்கிறவர் தனக்கென்று எடுத்துக்கொள்வார். ஊதாவிட்டால் அவர் போகவே மாட்டார், அங்கேயே நிற்பார், ஆயுசுக்கும் என் கண்முன்னால் பூ வைத்த ஜீப்பில் நிற்பார். மூக்கு எரிகிறது. எரிச்சலா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. மூச்சை இழுத்தேன்.

ஊதுகிறேன். மார்ச் வேகத்தில் ஊதத்தான் நினைத்தேன், மூச்சு அந்த வேகத்துக்கு வரமாட்டேன் என்கிறது. மெல்லப் போகிறது. பட்டுச்சேலை தடுக்காத அளவுக்கு, ஒரு காலை வைத்து, கொலுசு அடங்கி, அடுத்த காலை எடுக்கிற அளவுக்கு மெல்ல. சவரிமுத்து முதலில் திகைத்தவர் டிரம்மை எனக்காகத் தள்ளித் தள்ளி அடிக்கிறார். அழகர்சாமியின் கோல் என் பின்னால் வருகிறது. கயிற்றைப் பிடித்த இன்ஸ்பெக்டர்கள், வயிறு பெருத்தவர்கள், வேறு வழியில்லாமல் கல்யாணப் பெண் மாதிரி அடிமேல் அடி வைக்கிறார்கள். பக்தவத்சலம் என்னைப் பார்த்து நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அழுகிறார். அழுங்கள் சார். இது உங்களுக்கில்லை. உங்களை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை, ஆனால் நடக்கிறவள் நடக்கட்டும், அவளுக்குக் குறுக்கே இன்னொரு தரம் நீங்கள் வர வேண்டாம். முதல் சுற்று முடிகிறது. ரெண்டாம் சுற்றில் எல்லாரும் சேர வேண்டும் என்பது ஏற்பாடு போலிருக்கிறது, துரைப்பாண்டி மூச்சை இழுக்கிறான், என் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறான். ஜீப் கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போய், என்ஜின் சத்தம் கேட்டு, அதுவும் மறைந்துவிட்டது. ஷாமியானாவில் நாற்காலியைத் தள்ளி எழுந்திருக்கிறார்கள். வழக்கமாக இந்த இடத்தில் பாட்டை நிறுத்திவிட வேண்டும். அழகர்சாமி கோலை இறக்காமல் என்னைப் பார்க்கிறார். நான் நிறுத்தவில்லை. ஜெமிமா இன்னும் பீடத்துக்குப் போய்ச் சேரவில்லை.